பறந்த தூரமும் பணம்தான்: விமான மைல்களைச் சேர்ப்பது எப்படி?

புறக்கோட்டையிலும் வெளியூர்களிலும் கடை நடத்தும் எமது வியாபாரிகளுள் பலர் கொள்முதலுக்காக வருடத்தில் சில தடவையாவது குவாங்சூவுக்கும் பேங்கொக்குக்கும் டுபாய்க்கும் சென்னைக்கும் போய் வருகிறார்கள். இடையில் உம்ராப் பயணமும் உண்டு. சாமானில் ஐந்து ரூபா குறைக்க அரை மணி நேரம் பேரம் பேசுகிறோம். ஆனால் விமானச்சீட்டுக்குக் கொடுக்கும் பெருந்தொகையோடு சேர்ந்து வரவேண்டிய 'மைல்' சலுகையை நம்மில் அநேகர் கேட்டுப் பெறுவதில்லை. அதை எப்படி ஆரம்பிப்பது, எங்கே கவனமாக இருப்பது என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

இம்முறையைப் பெரிய அளவில் தொடக்கியது அமெரிக்கன் எயார்லைன்ஸ். 1981 மே முதலாம் திகதி அது தன் திட்டத்தை ஆரம்பித்தது. அடிக்கடி வரும் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போகாமல் பிடித்து வைப்பதே நோக்கம். முதலில் பறந்த தூரத்துக்கு மைல் கொடுத்தார்கள். இன்று பல நிறுவனங்கள் சீட்டுக்குச் செலுத்திய பணத்தை வைத்தே கணக்கிடுகின்றன.

இதில் விமான நிறுவனத்துக்கு என்ன இலாபம்? வங்கிகள் தமது கடனட்டை வாடிக்கையாளருக்குக் கொடுப்பதற்காக மைல்களைப் பணம் கொடுத்து வாங்குகின்றன. அந்தப் பணத்தில் ஒரு பங்கு, நீங்கள் கடையில் அட்டை ஏற்கும்போது வங்கி கழித்துக்கொள்ளும் கமிஷனிலிருந்து வருவதுதான். இவ்வியாபாரம் எவ்வளவு பெரியதென்றால், கொரோனாவால் விமானங்கள் முடங்கிய 2020இல் யுனைட்டட் எயார்லைன்ஸ் தன் மைல் திட்டத்தையே பிணையாக வைத்து 6.8 பில்லியன் டொலர் கடன் திரட்டியது.

முதல் படி: ஒரே கணக்கு

எல்லாத் திட்டத்திலும் சேர்ந்து ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வைத்திருப்பதால் பயனில்லை. நீங்கள் அதிகம் போகும் பாதையைப் பார்த்து ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். சேருவதற்குக் கட்டணம் இல்லை.

விமான நிறுவனங்கள் பல கூட்டணிகளாக இயங்குகின்றன. ஸ்ரீலங்கன் 2014 மே மாதம் 'வன்வேர்ல்ட்' கூட்டணியில் சேர்ந்தது. கட்டார் எயார்வேஸ், மலேசியா எயார்லைன்ஸ், கதே பசிபிக் என்பனவும் அதில் உள்ளன. ஆகவே தோஹா வழியாக ஜித்தா போனாலும் கோலாலம்பூர் போனாலும், ஸ்ரீலங்கனின் பிளைஸ்மைல்ஸ் இலக்கத்தைக் கொடுத்து மைல்களை ஒரே கணக்கில் சேர்க்கலாம். சிங்கப்பூர், தாய், எயார் இந்தியா ஆகியவை 'ஸ்டார் அலையன்ஸ்'. சவூதியா 'ஸ்கைடீம்'. எமிரேட்ஸ் இம்மூன்றிலும் இல்லை. அதற்கு ஸ்கைவோர்ட்ஸ் என்ற தனித் திட்டம் உண்டு.

இரண்டாம் படி: பெயரும் சீட்டும்

எமது மக்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கடவுச்சீட்டில் முஹம்மத் என்பது ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும், மைல் கணக்கில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கும். ஒன்றில் முழுப்பெயர் இருக்கும், மற்றதில் எம்.எச்.எம். என்று முதலெழுத்துகள் மட்டும் இருக்கும். பெயர் பொருந்தாவிட்டால் மைல் வந்து சேராது. கடவுச்சீட்டில் உள்ளபடியே கணக்கைத் திறவுங்கள்.

முகவரிடம் சீட்டு எடுக்கும்போது இரண்டு விடயம் கேளுங்கள்: என் இலக்கத்தைப் பதிந்தீர்களா? இந்தக் கட்டண வகுப்புக்கு எவ்வளவு மைல் கிடைக்கும்? மிக மலிவான சீட்டுகளுக்குக் குறைவாகவே கிடைக்கும், சிலவற்றுக்கு ஒன்றுமே கிடைக்காது. குழுவாக எடுக்கும் சீட்டுகளுக்கும் பல திட்டங்களில் மைல் இல்லை. கணக்கில் பதிவாகும்வரை போடிங் பாஸை எறியாதீர்கள். விடுபட்டதைக் கேட்டுப் பெறுவதற்குக் கால எல்லை உண்டு.

கடனட்டையில் கவனம்

அட்டையாலும் புள்ளி சேரும். நட்டம் வருவதும் இங்கேதான். ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். 200 ரூபாவுக்கு ஒரு மைல் தரும் அட்டையில் இரண்டு இலட்சம் ரூபா செலவழித்தால் 1,000 மைல். ஒரு மைலின் பெறுமதி இரண்டு ரூபா என்று வைத்தால் கிடைப்பது 2,000 ரூபா. மாத முடிவில் முழுத் தொகையையும் கட்டாமல் விட்டு, வருடத்துக்கு 24 வீதம் வட்டி என்றால், ஒரு மாதத்துக்கே 4,000 ரூபா போகும். வட்டி மார்க்கத்தில் விலக்கப்பட்டது. கணக்குப் புத்தகத்திலும் அது நட்டமே. அதேபோல், அட்டை என்றால் மூன்று வீதம் கூட்டிக் கேட்கும் கடையில் இதே தொகைக்கு 6,000 ரூபா மேலதிகமாகக் கொடுப்பீர்கள். இரண்டாயிரத்துக்காக ஆறாயிரம் கொடுப்பது வியாபாரமா?

புள்ளிக்காக ஒன்றையும் வாங்காதீர்கள். எப்படியும் வாங்க வேண்டியதை வாங்கும்போது கிடைப்பதே இலாபம்.

செலவழிக்கும்போது

'இலவச' சீட்டு முழுதும் இலவசமல்ல. வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும், சில நிறுவனங்களில் எரிபொருள் மேலதிகக் கட்டணத்தையும் பணமாகவே கட்ட வேண்டும். அதனால் இப்படிக் கணக்குப் பாருங்கள்: 90,000 ரூபா சீட்டை 25,000 மைலும் 35,000 ரூபாவும் கொடுத்து எடுக்கலாம் என்றால், மிச்சம் 55,000. அதை 25,000ஆல் பிரித்தால் ஒரு மைலுக்கு 2 ரூபா 20 சதம் கிடைக்கிறது. இதே மைலை ஏதாவது பொருளுக்கு மாற்றினால் எவ்வளவு கிடைக்கும் என்று ஒப்பிட்டு முடிவெடுங்கள். மைலுக்கு ஒதுக்கும் ஆசனங்கள் குறைவு. நோன்பு கால உம்ராவுக்கும் பாடசாலை விடுமுறைக்கும் வெகு முன்னரே தேட வேண்டும்.

மைல் தங்கமல்ல, காலாவதித் திகதி உள்ள சரக்கு. ஸ்கைவோர்ட்ஸிலும் சிங்கப்பூரின் கிரிஸ்பிளையரிலும் பொதுவாக மூன்று வருடமே ஆயுள். ஒரு சீட்டுக்கு எத்தனை மைல் என்பதையும் நிறுவனம் விரும்பியபோது கூட்டலாம். 2012இல் இந்தியாவின் கிங்பிஷர் விமானங்கள் நின்றபோது, அதில் மைல் சேர்த்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. தேவையான அளவு சேர்ந்ததும் பயன்படுத்திவிடுங்கள்.

பங்காளிகள் பேசிக்கொள்ள வேண்டியது

பணம் கடையுடையதாக இருந்தாலும், மைல் பறந்தவரின் பெயரிலேயே பதிவாகும். இரண்டு பங்காளிகளில் ஒருவர் மட்டும் எப்போதும் கொள்முதலுக்குப் போனால், சில வருடங்களில் அவர் கணக்கில் கணிசமான தொகை சேர்ந்துவிடும். மற்றவர் அதை அறிந்திருக்கவும் மாட்டார். சிறு விடயம் போலத் தோன்றினாலும், பின்னர் மனக்கசப்புக்கு இது போதும். மைல் போனவருக்கே உரியதா, அடுத்த கொள்முதல் பயணத்துக்கு உரியதா என்று முன்னதாகவே பேசி எழுதி வையுங்கள். ஊழியரை அனுப்புவோரும் அவ்வாறே செய்யலாம். எமிரேட்ஸ் போன்ற சில நிறுவனங்கள் கம்பனியின் பெயரிலேயே புள்ளி சேர்க்கும் திட்டங்களையும் வைத்திருக்கின்றன. உங்கள் நிறுவனம் அதில் சேர முடியுமா என்று விசாரியுங்கள்.

அடுத்த சீட்டை எடுக்குமுன் கணக்கைத் திறந்து, இலக்கத்தை முகவரிடம் கொடுத்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான்.