கடல் வண்ண மீன்: புது வரவைத் தனித்தொட்டியில் வைக்கும் கணக்கு

வண்டு விழுந்த பருப்பு மூட்டையை நல்ல சரக்கோடு சேர்த்து அடுக்கக்கூடாது என்பது மளிகை வணிகர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கடல் வண்ண மீன் வணிகத்திலும் இதே நியாயம்தான். ஆனால் மூட்டையை அவிழ்த்தால் வண்டு கண்ணில் படும். மீனோடு வரும் ஒட்டுண்ணி கண்ணில் படுவதற்குள் தொட்டியில் பாதி மீன் மிதந்துவிடும்.

சென்னை கொளத்தூர்ச் சந்தையில் பெரும்பாலும் புரள்வது நன்னீர் மீன்கள். கடல் மீனுக்கு விலையும் கூடுதல், இழப்பும் கூடுதல். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை உருவாக்கியிருந்தாலும், மற்ற வகைகளில் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடிக்கப்படுபவையே. பிடித்தவர், சேகரிப்பவர், மொத்த வியாபாரி என்று கைமாறி, ஒவ்வோர் இடத்திலும் பொதுத் தொட்டியில் கிடந்து வருகின்றன. திறந்த கடலில் ஒட்டுண்ணியின் குஞ்சுக்கு அடுத்த மீன் கிடைப்பது அரிது. தொட்டியில் நாலு விரற்கடை தூரத்தில் அடுத்த மீன் நிற்கிறது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வெண்புள்ளி நோய். கிரிப்டோகேரியான் என்னும் ஓரணு உயிரி மீனின் தோலிலும் செவுளிலும் புகுந்து மூன்று முதல் ஏழு நாள் வரை தின்று கொழுக்கிறது. அப்போதுதான் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். பிறகு மீனை விட்டு இறங்கி, தொட்டியின் அடியில் கூடு கட்டிக்கொள்கிறது. ஒரு கூட்டுக்குள் 200 குஞ்சுகள் வரை உருவாகும். வெளிவந்த குஞ்சு ஏறக்குறைய ஒரு நாளுக்குள் மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லையேல் செத்துவிடும்.

இதில் வணிகர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ புள்ளிகள் மறைந்து மீன் பளிச்சென்று ஆகிவிடும். நோய் நீங்கிவிட்டது என்று கடைக்காரர் விற்பனைத் தொட்டியில் விடுகிறார், அல்லது வாடிக்கையாளருக்கே விற்கிறார். உண்மையில் புள்ளி மறைந்தது, உண்ணி கீழே இறங்கி நூறாகப் பெருகப் போயிருப்பதால்தான். அடுத்த வாரம் வாடிக்கையாளர் வீட்டுத் தொட்டி முழுவதும் சாகும். மீனின் விலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அவர் மறுபடி நம் கடைப் படி ஏறுவாரா என்பது வேறு விஷயம்.

மருந்து விஷயத்திலும் இதே கணக்குத்தான். தோலுக்குள் இருக்கும் உண்ணியையும் கூட்டுக்குள் இருப்பதையும் மருந்து தொடாது. நீந்தித் திரியும் குஞ்சை மட்டுமே கொல்லும். எல்லாக் கூடுகளும் வெடித்து, எல்லாக் குஞ்சுகளும் வெளிவரும் வரை மருந்து நீரில் இருந்தாக வேண்டும். இரண்டு நாள் மருந்து போட்டு நிறுத்துவது பணத்தை நீரில் கரைப்பதற்குச் சமம்.

பழகிய மருந்து தாமிரம். மயில்துத்தம் என்று நாம் அறிந்த பொருளில் ஏறக்குறைய கால் பங்கு தாமிரம். நீரில் வேண்டிய அளவு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். நூறு லிட்டர் தொட்டிக்குக் கணக்கிட்டால் 80 மில்லிகிராம் மயில்துத்தம் போதும். ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கடைத் தராசில் இது நிற்காது. எனவே 8 கிராமை ஒரு லிட்டர் வாலை வடிநீரில் கரைத்து வைத்துக்கொண்டு, நூறு லிட்டருக்கு 10 மில்லிலிட்டர் என்று அளந்து, அதையும் இரண்டு மூன்று நாட்களில் பிரித்து விட வேண்டும். வயலுக்கு அடிக்கும் மலிவுச் சரக்கு வேண்டாம். ஆய்வகத் தரமே வாங்க வேண்டும். புட்டியில் வரும் தயார் தாமிர மருந்துகளில் சிலவற்றுக்கு அளவு முற்றிலும் வேறு. அவற்றின் மேலட்டையில் உள்ளபடியே செய்ய வேண்டும். மேற்படி கணக்கை அவற்றுக்குப் பொருத்தக்கூடாது.

அளவு குறைந்தால் உண்ணி பிழைக்கும், கூடினால் மீன் சாகும். ஆதலால் தாமிரம் அளக்கும் சோதனைப் பெட்டி இல்லாமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது. தினம் இருமுறை அளந்து, குறைந்ததை ஈடு செய்து, குறைந்தது மூன்று வாரம் நிறுத்த வேண்டும். பவளச் சரளையும் சுண்ணாம்புக் கல்லும் தாமிரத்தை இழுத்துக்கொள்ளும். தனித்தொட்டி வெறும் கண்ணாடியாக இருக்கட்டும். மீன் ஒளிய இரண்டு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு போதும். இறால், நத்தை, கடற்சாமந்தி ஆகியவை தாமிரத்தில் பிழைக்காது. சுறா, திருக்கை இனங்களும் தாங்கமாட்டா.

மருந்தே இல்லாத வழியும் உண்டு. இஸ்ரேலைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஆஞ்செலோ கொலோர்னி 1987ல் வெளியிட்ட முறை இது. மூன்று நாளுக்கு ஒருமுறை மீனை மட்டும் சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். இப்படி நான்கு முறை. இறங்கிய உண்ணி கூட்டிலிருந்து வெடித்து வருவதற்குள் மீன் இடம் மாறிவிடுகிறது. இரண்டு தொட்டி இருந்தால் போதும். காலியானதைக் கழுவி நன்றாகக் காயவிட வேண்டும். கைவேலை அதிகம், செலவு குறைவு. சிறு கடைக்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து.

மூன்றாவது வழி உப்பைக் குறைப்பது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதைச் சிறிது சிறிதாக 15 கிராமுக்குக் கொண்டுவந்து மூன்று நான்கு வாரம் வைத்தால் வெண்புள்ளி உண்ணி பெரும்பாலும் அழியும். தாமிரத்தோடு சேர்த்து இதைச் செய்யக்கூடாது.

உப்பு என்றதும் நம் கடை மூட்டை நினைவுக்கு வரும். அது உதவாது. உப்பளத்தில் உப்பு விளைந்தபின் வடித்துவிடும் கசப்பு நீரோடு மக்னீசியம் பெரும்பாலும் போய்விடுகிறது. மீன் தொட்டிக்கு அதுவும் வேண்டும். இதற்கென விற்கும் கடல் உப்புக் கலவையையோ, வடிகட்டிச் சுத்தம் செய்த கடல்நீரையோதான் பயன்படுத்த வேண்டும்.

வெல்வெட் நோய் இதைவிடக் கொடியது. பொன்தூள் தூவியது போன்ற படலம் தெரியும். பல நேரம் அது தெரிவதற்குள்ளேயே மீன் மூச்சிரைத்துச் சாகும். உப்புக் குறைப்பு இதற்குப் பயன்படாது, தாமிரமே துணை. கோமாளி மீனின் உடம்பில் சளி உரிந்து தொங்கினால் அது பெரும்பாலும் புரூக்ளினெல்லா. அதற்குத் தாமிரம் வேலை செய்யாது, ஃபார்மலின் வேண்டும். அது ஆளுக்கும் நஞ்சு, ஆகவே மீன்வள மருத்துவம் தெரிந்தவரின் துணையின்றித் தொட வேண்டாம். தட்டைப்புழு இருக்கிறதா என்று பார்க்க, அதே வெப்பமும் கார அமிலத் தன்மையும் உள்ள நன்னீரில் ஐந்து நிமிடம் மீனை விட்டால் புழுக்கள் வெளுத்து உதிரும். பிராசிகுவாண்டல் லிட்டருக்கு 2 மில்லிகிராம் புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. எனவே ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை.

இத்தனை நாள் முதலை முடக்குவதா என்று கேட்கலாம். 400 ரூபாய் அடக்கத்தில் 20 மீன் என்று வைத்துக்கொள்வோம். முடங்குவது 8000 ரூபாய், ஒரு மாதத்துக்கு. தனித்தொட்டியில் மூன்று செத்தால் இழப்பு 1200. விற்பனைத் தொட்டியில் நோய் புகுந்தால் இந்த இருபதோடு பழைய சரக்கும் போகும். கொள்முதல் விலை சொல்லும்போதே இந்தத் தொட்டிச் செலவையும் சேதாரத்தையும் அடக்கத்தில் ஏற்றிவிட வேண்டும்.

தனித்தொட்டிக்கு வலை, வாளி, குழாய் எல்லாம் தனி. வடிகட்டி புதிதாக இருந்தால் அம்மோனியா ஏறும்; தீவனத்தைக் குறைத்து, அடிக்கடி நீர் மாற்ற வேண்டும். மாற்றும் நீரிலும் அதே அளவு தாமிரம் கலந்திருக்க வேண்டும். வந்த தேதி, மருந்து, எத்தனையாவது நாள் என்று ஓர் அட்டையில் எழுதித் தொட்டியில் ஒட்டுங்கள். கடைப் பையன் ஆசைப்பட்டு இடையில் விற்றுவிடாமல் அது காக்கும்.

நோய் கண்ட விற்பனைத் தொட்டியைக் காலி செய்து, கழுவி, முழுதாக உலர்த்தினால் கூடுகள் சாகும். உலர்த்த முடியாத பாறைகள் உள்ள தொட்டியானால் மீன் இல்லாமல் விட்டுவைக்க வேண்டும். பெரும்பாலான கூடுகள் சில நாட்களில் வெடித்துவிடும் என்றாலும், 72 நாள் தாமதித்ததும் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. பதினோரு வாரம் காத்திருப்பதே பத்திரம். தாமிரம் கலந்த நீரைக் கிணற்றருகிலோ குளத்திலோ கொட்டக்கூடாது.