சிதறால் முதல் திருநந்திக்கரை வரை

துருக்கி தேசத்தின் தென்மேற்கே பாமுக்கலே என்றொரு வெண்மலை இருக்கிறது. பூமியின் ஆழத்திலிருந்து சுமார் 35 பாகை வெப்பத்தோடு பொங்கி வரும் ஊற்றுநீர், வெளிக்காற்றுப் பட்டதும் தன்னில் கரைந்திருந்த கரியமில வாயுவை இழந்து, சுண்ணாம்பைச் சரிவெங்கும் படியவிட்டு, நீண்ட காலத்தில் படிப்படியான வெள்ளைத் தடாகங்களைச் சமைத்திருக்கிறது; அவற்றின் தலைமாட்டில் ஹியராபோலிஸ் என்னும் புராதன நகரத்தின் அரங்கமும் ஈமக் கற்பேழைகளும் சிதைந்து கிடக்கின்றன. இடிபாடுகளையும் நீர்த்தடாகங்களையும் வழிகாட்டியின் துணையோடு ஒரே நாளில் கண்டு திரும்புவது அங்கு வரும் பிரயாணிகளின் வழக்கம்.

குமரி மாவட்டத்தில் வெந்நீர் ஊற்று இல்லை. எனினும் ஓடும் நீரையும் பழங்கல்லையும் ஒரே பகலில் சேர்த்துப் பார்க்க விரும்புகிறவருக்கு இங்கேயும் ஒரு பாதை உண்டு. முக்கடல் சங்கமத்தில் சூரியோதயம், சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை என்று விரைந்து பார்த்துவிட்டு அன்றிரவே பஸ் ஏறிவிடுகிற யாத்திரிகர்கள், நாஞ்சில் வயல்களைத் தாண்டி மேற்கேயுள்ள மேட்டுநிலத்தை எட்டிப் பார்ப்பதில்லை. பாதை அங்கேதான் மார்த்தாண்டத்தில் தொடங்குகிறது.

முதலில் சிதறால். ரப்பர் மரங்களையும் பலா மரங்களையும் கீழே விட்டுவிட்டு, கல் பாவிய வழியில் ஏறினால், ஊரார் மலைக்கோயில் என்று சொல்லும் திருச்சாரணத்து மலையின் உச்சியை அடையலாம். இரண்டு பெரும்பாறைகளுக்கு இடையேயுள்ள ஒடுங்கிய வாயிலில் நுழைந்ததும், குடை கவிந்ததுபோல் நீண்டிருக்கும் பாறையின் கீழே, முக்குடை நிழலில் தியானத்தில் அமர்ந்த தீர்த்தங்கரர்கள் வரிசையாகக் காட்சி தருகிறார்கள். படமெடுத்த நாகத்தின் கீழ் பார்சுவநாதர் நிற்கிறார். இரு பாலகர்களையும் சிங்கத்தையும் அருகில் கொண்டு அம்பிகை என்னும் யட்சி நிற்கிறாள். உருவங்கள் சிலவற்றின் அடியில், அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

நல்ல வழிகாட்டி இங்கே சற்று நிதானிக்க வேண்டும். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குறத்திகள் என்ற பெண் துறவி இம்மலைத் தேவிக்குப் பொன் அணிகள் அளித்ததை ஒரு கல்வெட்டு தெரிவிக்கிறது. குறத்திகள் என்றால் பெண் குருமார். திருச்சாரணத்துக் குறத்திகளின் பெயர் தொலைவிலுள்ள கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் காணப்படுவதால், பெண்கள் ஆசிரியராய் அமர்ந்து கற்பித்த ஒரு பீடம் இந்த மலையில் கீர்த்தியோடு விளங்கிற்று என்று கருதலாம். பின்னர், 13ஆம் நூற்றாண்டளவில், சமணர்களின் குகை பகவதி கோயிலாயிற்று. வந்தவர்கள் இருந்தவர்களின் உருவங்களைச் சிதைக்கவில்லை என்பதே இம்மலையின் விசேஷம். ஹியராபோலிஸ் மக்கள் நீங்கிப் பாழானதால் சிதைவாயிற்று. சிதறாலோ வழிபாடு கைமாறி நீடித்ததால் பிழைத்தது.

மதியத்துக்குத் திற்பரப்பு. ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து கோதையாறு விழும் இடத்தில் குளிப்பவர்களின் ஆரவாரம் அதிகம். எண்ணெய்க் குப்பியோடு வரிசையில் நிற்கும் குடும்பங்களைக் கடந்து, அருவிக்கு மேலேயுள்ள பாறைப் படுகையைப் பார்ப்பது நல்லது. பாமுக்கலேயில் நீர் கல்லைப் படைக்கிறது. இங்கே நீர் கல்லைத் தேய்க்கிறது. குமரியின் பாறை பல கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும் இறுகிய பாறையாதலால், நீரில் எளிதில் கரைவதில்லை. வருஷா வருஷம் இரு பருவமழைகளின் பிரவாகமும் உரசி உரசி அதை வழுவழுப்பாக்கியதே மிச்சம். அந்த உறுதியால்தான் சிதறாலின் நுண்ணிய எழுத்துகளும் ஆயிரம் மழைக்காலங்களைத் தாண்டி நிற்கின்றன.

கரையிலுள்ள மகாதேவர் ஆலயம் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு ஸ்தலங்களில் மூன்றாவது. சிவராத்திரியை ஒட்டிக் காவி உடுத்து, கையில் விசிறியேந்தி, சிவன் கோயில்களுக்கே ‘கோவிந்தா, கோபாலா’ என்று முழங்கியபடி ஓடிவரும் பக்தர்கள் அடுத்துச் சேரும் இடம் திருநந்திக்கரை. நமது பிரயாணமும் அங்கேதான் முடிகிறது. ஒரே பாறையைக் குடைந்த அக்குகைக் கோயிலில், மங்கிய சுவரோவியத் தடங்களுக்கு அருகே, ராஜராஜ சோழன் பிறந்த ஐப்பசிச் சதயத் திருநாளைக் கொண்டாட, முட்டம் என்னும் ஊர் மும்முடிச்சோழநல்லூர் என்று பெயர் மாற்றி வழங்கப்பட்ட செய்தியைக் கல்வெட்டாகக் காணலாம்.

பாமுக்கலேயில் ஊற்றுக்கு மேலேயே ஹோட்டல்களைக் கட்டி, நீரைத் தங்கள் குளங்களுக்குத் திருப்பிக்கொண்டார்கள், வெண்படிகள் கறுத்தன. 1988இல் அவ்விடம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு ஹோட்டல்கள் இடிக்கப்பட்டன. குமரிக்கு நேர்ந்திருக்கும் ஆபத்து வேறு. சிற்பமுள்ள பாறைக்குத் தொல்லியல் துறையின் காவல் இருக்கிறது. சிற்பமில்லாத பாறை கல்குவாரியில் உடைந்து, ஜல்லியாகி, எல்லை தாண்டி லாரியில் போகிறது. சிதறாலில் துறவிகள் தேடி வந்ததோ சிற்பத்தை அல்ல, நிழல் தரும் வெறும் பாறையை. மலையுச்சியில் நின்று பிரயாணிகளுக்குத் தீர்த்தங்கரர்களைச் சுட்டும் வழிகாட்டி, எதிர்த்திசையில் வெட்டுண்டு நிற்கும் குன்றுகளையும் சுட்டிக் காட்டுவாரானால், அவர் தம் கடமையைப் பூரணமாகச் செய்தவராவார்.