தாத்தா கார்கள் சொன்ன ஆரோக்கியப் பாடம்!

"டாக்டர், ஞாயித்துக்கிழமை காலையில உங்களுக்கு கிளினிக் கிடையாதுதானே? என்னோட வாங்க. ஒரு பெரியவரைக் காட்டறேன். அறுபது வயசு தாண்டியும் கிண்ணுன்னு இருக்கார்!"

இப்படி என்னை அழைத்தவர் ஓர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. தோள்பட்டை வலிக்காக என்னிடம் எண்ணெய் வாங்கிப் போகிறவர். யாரோ நோயாளியைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்து நானும் கிளம்பிவிட்டேன். வாசலில் வந்து நின்றது, பளபளவென்று ஒரு ஃபியட் 1100! 'பெரியவர்' அதுதானாம். பழைய கார்களின் கண்காட்சிக்குப் போகிறோம் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

முன் சீட்டில் அவர் மகன். மகனின் மடியில் மூன்று வயதுப் பேத்தி. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நண்பர் உற்சாகமாகப் பேசிக்கொண்டே வர, என் கண் மட்டும் அந்தக் குழந்தையின் நெற்றிக்கு எதிரே இருந்த இரும்பு டாஷ்போர்டு மேலேயே இருந்தது. அந்தக் காரில் சீட் பெல்ட் என்பதே கிடையாது.

மைதானத்தில் திருவிழாக் கூட்டம்! மோரிஸ் மைனர், ஆஸ்டின், அம்பாஸடர், நம்ம சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று வரிசையாக நின்றன. ஓர் ஓரத்தில் வயதான மெக்கானிக் ஒருவர் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நாங்கள் நாடி பார்ப்பது மாதிரியேதான்!

"காத்து, பெட்ரோல், நெருப்பு... மூணும் அளவா இருந்தா வண்டி சொன்ன பேச்சைக் கேக்கும் சார். ஒண்ணு கூடினாலும் இருமும், குறைஞ்சாலும் இருமும்" என்றார். வாதம், பித்தம், கபம் என்று நான் தினமும் நோயாளிகளிடம் பேசுவதை அவர் தன் பாஷையில் சொல்லிவிட்டார்!

அப்பாவின் மணிக்கட்டு

அடுத்த காரில் ஒருவர் கிராங்க் கம்பியை மாட்டி, சுற்றி ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. என் அப்பா டிரைவராக இருந்தவர். ஒருநாள் காலை எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்ததில் கிராங்க் கம்பி திரும்பி அடித்து, வலது மணிக்கட்டு முறிந்தது. எக்ஸ்ரே எடுக்காமலே ஊரில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். எலும்பு கோணலாகவே கூடிவிட்டது. கடைசி வரை அந்தக் கையால் அவரால் ஒரு சொம்பு தண்ணீர்கூட முழுசாகத் தூக்க முடியவில்லை. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன். எலும்பு முறிவு என்று சந்தேகம் வந்தால் முதலில் எக்ஸ்ரே; கட்டும் தைலமும் அதற்கு அப்புறம்தான்.

அந்தக் காலத்தில் பல டிரைவர்களுக்கு இந்தக் கதி நேர்ந்ததால், மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் ஏற்படும் ஒரு வகை முறிவுக்கு மேல்நாட்டு மருத்துவத்தில் 'டிரைவர் முறிவு' என்ற பொருளிலேயே பெயர் வைத்துவிட்டார்கள். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ம் வருட காடிலாக் காரில் வந்தது. அதன் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகக் கைகள் தப்பின.

இதில் ஒரு வேடிக்கை. அதே கெட்டரிங்கின் ஆராய்ச்சிக்கூடத்தில்தான் 1921-ல் தாமஸ் மிட்ஜ்லி, எஞ்சின் 'தட்டும்' சத்தத்தை நிறுத்த ஈயக் கலவையைப் பெட்ரோலில் சேர்க்கலாம் என்று கண்டுபிடித்தார். கையைக் காப்பாற்றிய இடமே காற்றைக் கெடுத்துவிட்டது! புகையில் வந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. நம் நாட்டில் 2000-ம் ஆண்டோடு கார்களுக்கான ஈயப் பெட்ரோல் விடைபெற்றது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. உலோகங்களை எவ்வளவு ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும் என்று சித்த மருத்துவக் கல்லூரியில் முதலில் படித்த பாடம் எனக்கு நினைவு வந்தது.

திரும்பும்போது நண்பரிடம் மெல்லப் பேச்சை எடுத்தேன். "சார், மணிக்கு 50 கிலோமீட்டரில் போற வண்டி மோதினா, மூணாவது மாடியிலேர்ந்து கீழே விழற மாதிரி. எந்த அப்பாவோட கையாலும் குழந்தையைப் பிடிச்சு நிறுத்த முடியாது. தவிர, பின்னாலேர்ந்து அவர் உடம்போட கனமும் சேர்ந்து குழந்தையை நசுக்கும்."

"நாம மெதுவாத்தானே போறோம் டாக்டர்? அதோட, பெல்ட் போட்டா கார் ஒரிஜினலா இருக்காதே! போட்டியில மார்க் குறைப்பாங்க."

"மூணு இடத்துல பிடிக்கற பெல்ட்டை வால்வோ கம்பெனி 1959-லயே கொண்டுவந்தாச்சு. உங்க கார் காலத்துப் பொருள்தான்! மெதுவா நாம போவோம். எதிரே வர்ற லாரி மெதுவா வருமா?"

அவர் பதில் சொல்லவில்லை. முகம் வாடிவிட்டது. வருத்தப்படுத்திவிட்டோமோ என்று எனக்கும் சங்கடம்தான். வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். டீ குடித்து முடித்ததும், மகனையும் பேத்தியையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, "வாங்க டாக்டர், நாம போகலாம்" என்றார்.

பத்து நாள் கழித்து எண்ணெய் வாங்க வந்தார். "நாலு பெல்ட் மாட்டியாச்சு. பாடியில பட்டை வெச்சு வெல்டிங் பண்ணித்தான் நிக்குது. பேத்தி அவளுக்குன்னு இருக்கிற குழந்தை சீட்ல, பின்னாலதான்" என்றார். "மார்க் போனாப் போகுது டாக்டர்!"

பழைய கார் பிரியர்களுக்கு...

● கிராங்க் சுற்றும்போது கட்டை விரலை மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வையுங்கள். கீழிருந்து மேலாக இழுங்கள். மேலிருந்து கீழே அழுத்தவே கூடாது.

● டியூப் வைத்து வாயால் பெட்ரோலை உறிஞ்சாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

● மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். வாசனையே இல்லாத நச்சு வாயு மயக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

● பழைய பிரேக்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது சுரண்டாதீர்கள்.

தாத்தா காரை ஆசையாகப் பாதுகாப்போம். அதில் ஏறும் பேரன், பேத்திகளை அதைவிட ஆசையாகப் பாதுகாப்போம்!