படுத்தால் கூடும் முதுகுவலி... தைலம் தேய்த்தே நாளை ஓட்ட வேண்டாம்!

பகலில் வேலை பார்க்கும்போது பெரிதாகத் தெரியாத முதுகுவலி, இரவு படுத்ததும் ஆரம்பித்துவிடும். புரண்டு படுத்தாலும் குறையாது. எழுந்து உட்கார்ந்தாலோ, நாலு எட்டு நடந்தாலோ கொஞ்சம் தேவலாம். 'வாயுப் பிடிப்பாக இருக்கும்' என்று தைலம் தேய்த்தே பலர் மாதக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள்.

தசைப்பிடிப்பால் வரும் வலி பொதுவாக ஓய்வெடுத்தால் அடங்கும். படுக்கும்போது கூடும் வலிக்குக் காரணங்கள் பல. அவற்றில் அரிதான ஒன்று, தண்டுவட நரம்பின் உறையில் வளரும் கட்டி.

புற்றுநோயா இது?

பெரும்பாலும் இல்லை. மின்சார ஒயருக்கு மேலுறை இருப்பதுபோல நம் நரம்புகளுக்கும் உறை உண்டு. அதை உருவாக்குபவை ஸ்வான் செல்கள். ஜெர்மன் விஞ்ஞானி தியோடர் ஸ்வான் பெயரால் அழைக்கப்படும் இந்த செல்களில் தோன்றும் கட்டிதான் ஸ்வான்னோமா. நியூரோஃபைப்ரோமா என்பது இன்னொரு வகை. பெரும்பாலும் நடுத்தர வயதில் தெரியவரும் இவை, பல ஆண்டுகளாக மெதுவாக வளரும்.

பிறகு என்ன பயம்? இடம்தான் பிரச்னை. தண்டுவடம் ஏறக்குறைய சுண்டுவிரல் பருமன்தான். அதைச் சுற்றி இருப்பதோ எலும்புக் கூடு. அதற்குள் சாதுவான கட்டி வளர்ந்தாலும் நசுங்குவது நரம்புதான்.

வேஷம் போடும் வலி

கட்டி ஓரிடத்தில் இருக்க, வலி வேறிடத்தில் தெரியும் என்பதுதான் இதில் சிக்கல்.

நடுமுதுகு நரம்புகள் விலா எலும்பையொட்டி முன்பக்கம் வருகின்றன. அங்கே கட்டி இருந்தால் நெஞ்சு வலிக்கும். இ.சி.ஜி எடுத்தால் நார்மல் என்று வரும். சற்றுக் கீழே இருந்தால் வயிறு வலிக்கும். பித்தப்பை, குடல்வால் என்று சந்தேகம் போய், அறுவை சிகிச்சை செய்தும் வலி தீராதவர்கள் உண்டு. இடுப்புப் பகுதியில் இருந்தால், டிஸ்க் விலகியதுபோலக் காலுக்கு வலி இறங்கும்.

மிக அரிதாக, தலைவலியும் பார்வை மங்கலும் முதல் அறிகுறியாகலாம். கட்டியால் தண்டுவட நீரில் புரதம் அதிகமாகி, அந்த நீர் வடிவது தடைப்பட்டு, தலைக்குள் அழுத்தம் ஏறுவதே காரணமாகக் கருதப்படுகிறது. கட்டிக்குள் திடீரென ரத்தம் கசிந்தால், நேற்று வரை நடந்தவருக்கு இன்று கால்கள் செயலிழக்கலாம்.

எப்படிக் கண்டறிவது?

சாதாரண எக்ஸ்-ரேயில் கட்டி பொதுவாகத் தெரியாது. மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ ஸ்கேன்தான் தெளிவாகக் காட்டும். ஆனால், எந்தப் பகுதியில் எடுப்பது என்பது முக்கியம். கட்டி நடுமுதுகில் இருக்க, இடுப்பை மட்டும் ஸ்கேன் செய்தால் தவறிவிடும். வலி எப்போது கூடுகிறது, எங்கே மரத்துப்போகிறது என்பதை டாக்டரிடம் விவரமாகச் சொன்னால் சரியான இடத்தைக் குறிக்க உதவும்.

தீர்வு உண்டு

மைக்ரோஸ்கோப் உதவியுடன் செய்யும் அறுவை சிகிச்சையில் பெரும்பாலான கட்டிகளை முழுமையாக எடுத்துவிடலாம். முழுமையாக எடுத்தால் மீண்டும் வருவது குறைவு. தொந்தரவு தராத சிறிய கட்டியாக இருந்தால், குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதும். ஆனால், நரம்பு நீண்டகாலம் நசுங்கிக் கிடந்தால், கட்டியை எடுத்த பிறகும் இழந்த பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள்

* தூக்கத்திலிருந்து எழுப்பும் முதுகுவலி, வாரக்கணக்கில் நீடிப்பது
* இருமினாலோ தும்மினாலோ கை, கால், மார்புக்குப் பாயும் வலி
* செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடப்பது, நடையில் தள்ளாட்டம்
* உடலில் பல இடங்களில் பால் காபி நிறத் திட்டுகள் இருந்து, கூடவே முதுகுவலி (பரம்பரையாக வரும் நரம்புக் கட்டி நோயாக இருக்கலாம்)

கால் திடீரெனப் பலமிழந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமலோ அடக்க முடியாமலோ போனாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.