புதுமையைச் சொல்லித்தர முடியுமா? ஒரு பத்து மணி நேரப் பாடத்தின் கதை

நிறுவனத்துக்குள் புதுமையைக் கொண்டுவருவது எப்படி என்று மேலாளர்களுக்கும் பொறியாளர்களுக்கும் கற்றுத்தரும் வகுப்புகள் இப்போது எல்லா ஊர்களிலும் நடக்கின்றன. ஊக்கப் பேச்சு, குழுப் பயிற்சி, சான்றிதழ் எல்லாம் உண்டு. ஆனால் திங்கள்கிழமை வேலைக்குத் திரும்பினால் பழைய நடைமுறைதான். இதைப் பார்த்துப் பார்த்தே, 'புதுமை பிறவியிலேயே வர வேண்டும், சொல்லித்தந்து வராது' என்ற எண்ணம் பலரிடம் ஊன்றிவிட்டது. அது தவறு என்பதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய சான்று ஒன்று இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ஆலைகளில் அனுபவசாலிகள் ராணுவத்துக்குப் போனார்கள். அவர்கள் இடத்துக்கு ஆலையையே பார்த்திராத புதியவர்கள் வந்தார்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். உற்பத்தியோ பல மடங்கு பெருக வேண்டும். புது இயந்திரம் கிடைக்காது, மூலப்பொருளுக்கும் தட்டுப்பாடு. 1940இல் அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 'தொழிலகத்துக்குள் பயிற்சி' என்பது அதன் பெயரின் பொருள், சுருக்கமாக டிடபிள்யூஐ. அது பாடம் நடத்தியது நிபுணர்களுக்கு அல்ல, மேற்பார்வையாளர்களுக்கு. வேலையைச் சொல்லித்தருவது, வேலைமுறையை மேம்படுத்துவது, ஆட்களை நடத்துவது என்று மூன்று பாடங்கள். புதுமைக்கான பாடம் இரண்டாவது.

ஒரு வகுப்புக்குப் பத்துப் பேர். நாளுக்கு 2 மணி நேரமாக 5 நாட்கள். முதலில் பயிற்சியாளர் ஒரு வேலையைச் செய்துகாட்டுவார். ரேடியோ கருவிக்கான தடுப்புத் தகடு தயாரிக்கும் வேலை அது: ஒரு செம்புத் தகட்டையும் ஒரு பித்தளைத் தகட்டையும் சேர்த்து ரிவெட் அடிக்க வேண்டும். தொழிலாளி சற்றுத் தள்ளியிருக்கும் பெட்டிவரை நடக்கிறார். கைக்கு வந்த அளவு செம்புத் தகடுகளை அள்ளுகிறார். மேசைக்குத் திரும்பி, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பன்னிரண்டைப் பரப்புகிறார். மிச்சத்தை மறுபடி பெட்டிக்கே கொண்டுபோய்ப் போடுகிறார். பிறகு பித்தளைத் தகட்டுக்காக இதே நடை. மேலோட்டமாகப் பார்த்தால் இதில் குறையே தெரியாது. ஆள் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கவில்லை.

அடுத்து, செய்துகாட்டிய வேலையைச் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரித்து வரிக்கு ஒன்றாக எழுத வேண்டும். ஒவ்வொரு வரியிடமும் ஆறு கேள்விகள். இது ஏன் தேவை? இதனால் என்ன பயன்? எங்கே செய்வது நல்லது? எப்போது? யார்? எப்படி? 'ஏன் தேவை' என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். 'எப்படி' என்று தொடங்கினால், தேவையே இல்லாத ஒரு வேலையை அழகாகச் செய்யும் வழியைத் தேடிக்கொண்டிருப்போம். விடை கிடைத்ததும் தேவையற்றதை நீக்கலாம், இரண்டை ஒன்றாக்கலாம், வரிசையை மாற்றலாம், மிச்சத்தை எளிதாக்கலாம். தகட்டுப் பெட்டிகள் மேசைக்கே வந்தன, இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் கைக்கொரு தகடாக எடுத்தன, நடை ஒழிந்தது. புதிதாக எந்த இயந்திரமும் வாங்கப்படவில்லை.

செய்துகாட்டுவதோடு பாடம் முடிந்திருந்தால் அதுவும் ஒரு நல்ல சொற்பொழிவாகப் போயிருக்கும். ஆனால் ஒவ்வொரு மேற்பார்வையாளரும் தம் சொந்தப் பிரிவிலிருந்து ஒரு வேலையை இதே முறையில் பிரித்து, மேம்படுத்தி, வகுப்புக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்பது விதி. கற்பனை நிறுவனத்தின் கற்பனைச் சிக்கலுக்கு அங்கே இடமில்லை. கடைசிப் படிதான் என்னை மிகவும் ஈர்க்கிறது: புதிய முறையை மேலதிகாரியிடம் எழுத்தில் எடுத்துச்சொல்வது, வேலை செய்பவர்களை ஏற்கவைப்பது, பாதுகாப்பு, தரம், செலவு பார்க்கும் எல்லோரிடமும் ஒப்புதல் வாங்குவது, யோசனை யாருடையதோ அவருக்கே பெருமையைக் கொடுப்பது. இவையும் பாடத்தின் பகுதி. நல்ல யோசனைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சாகின்றன என்று பாடத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 1945இல் திட்டம் முடிவதற்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்றிருந்தார்கள்.

போர் முடிந்ததும் அமெரிக்கா இதை மெல்ல மறந்தது. எடுத்துக்கொண்டது ஜப்பான். 1950இல் டொயோட்டா நிறுவனம் கடனிலும் ஆட்குறைப்பிலும் வேலைநிறுத்தத்திலும் தத்தளித்தது. அந்த ஆண்டு அமெரிக்கா போய் ஃபோர்டு ஆலையைப் பார்த்த அதன் நிர்வாகி எய்ஜி டொயோடா, அங்கே தொழிலாளர்களிடமிருந்து யோசனைகளைப் பெறும் யோசனைத் திட்டத்தைக் கவனித்தார். 1951இல் டொயோட்டா தன் யோசனைத் திட்டத்தைத் தொடங்கியது. டிடபிள்யூஐ பயிற்சியும் அதே காலத்தில்தான் அங்கே நுழைந்தது. இந்த இரண்டும் சேர்ந்து வந்ததுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். யோசனைப் பெட்டியை எந்த நிறுவனமும் சுவரில் மாட்டலாம். தன் வேலையைத் தானே ஆராயப் பழகாதவர் அதில் போடுவதற்கு என்ன வைத்திருப்பார்? டொயோட்டாவின் திட்டத்துக்கு முதல் நாற்பது ஆண்டுகளில் வந்த யோசனைகள் சுமார் 2 கோடி.

'ஜப்பானியர்களுக்கு அது வரும், நம்மவர்களுக்கு வராது' என்பவர்களுக்குக் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் பதில் சொல்கிறது. வேலைநிறுத்தத்துக்கும் ஆள் வராமைக்கும் பேர்போன ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அது; 1982இல் மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவுடன் கூட்டாக மீண்டும் திறந்தபோது, வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. முக்கியமானவர்கள் ஜப்பானுக்குப் போய்ப் பயின்று வந்தார்கள். கோளாறு கண்டால் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தும் உரிமை ஒவ்வொருவருக்கும் கிடைத்தது. அதே ஆட்கள் தரமான கார்களைத் தயாரித்தார்கள். ஆனால் ஜெனரல் மோட்டார்ஸால் தன் மற்ற ஆலைகளுக்கு அந்த முறையை எளிதில் கொண்டுபோக முடியவில்லை. மேலே இருந்தவர்கள் மாறாத இடத்தில், கீழே கற்றவர்களால் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

ஊழியர்களைப் பழக்கி மாற்றுவது நம் ஊரிலும் நடந்திருக்கிறது. சென்னை பாடியில் அப்போது பிரேக் கருவிகள் தயாரித்துவந்த சுந்தரம்-கிளேட்டன், ஜப்பானியப் பேராசிரியர்களின் வழிகாட்டலோடு பல ஆண்டுகள் தன் ஊழியர்களைப் பழக்கி, 1998இல் தர மேலாண்மைக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் முறை. 2002இல் டிவிஎஸ் மோட்டாரும் பெற்றது.

பயிற்சிக்குப் பணம் ஒதுக்கும் நிறுவனம் வகுப்பு தொடங்குமுன் சிலவற்றை முடிவு செய்துவிட வேண்டும். கற்றவர் கொண்டுவரும் மாற்றத்தைச் சோதிக்க ஒப்புதல் தருவது யார்? எத்தனை நாளுக்குள் பதில் சொல்வார்? எவ்வளவு ரூபாய் வரையிலான மாற்றத்தை யாரையும் கேட்காமல் அந்த மேற்பார்வையாளரே செய்துபார்க்கலாம்? ஒப்புதல் தரவேண்டியவரும் அதே வகுப்பில், அதே பத்து மணி நேரம் உட்கார்ந்தாக வேண்டும்.