எங்கள் கிணற்றை யார் கீறுவார்?

நாலு வருடங்களுக்கு முன்னர் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சண்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் தட்டில் நாங்கள் வசிக்கிறோம். அன்று பின்னேரம் நான் குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று உள்ளறையிலிருந்து வெடிச்சத்தம். அதைத் தொடர்ந்து படபடவென்று துப்பாக்கிச் சூடு. கத்தியை எறிந்துவிட்டு நிலத்தில் குந்திவிட்டேன். இரண்டு கைகளும் தாமாகவே தலைக்கு மேலே போய்விட்டன. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமமே திரண்டு தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, என் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் நடந்தேன். அந்த இரவுக்குப் பிறகு எங்கே வெடி கேட்டாலும் என் உடம்பு என்னிடம் கேட்டுவிட்டு அசைவதில்லை.

நடந்தது வேறொன்றுமில்லை. என் மகன் கணனியில் விளையாடிக்கொண்டிருந்தான். ஹெட்போன் வயர் கழன்றுவிட்டது. அவ்வளவுதான்.

நான் ஓடிப்போய் கணனியின் பிளக்கைப் பிடுங்கினேன். வாய்க்கு வந்தபடி ஏசினேன். கொழும்பிலே பிறந்து வளர்ந்த பிள்ளை. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அம்மா, இது சும்மா படம்தானே" என்றான். "படமெண்டால் எனக்கேன் நெஞ்சு இடிக்குது?" என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை.

பதில் சொன்னவள் என் மகள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காக அவள் காத்திருந்த காலம் அது. இரவு எல்லாம் அடங்கிய பிறகு, சத்தத்தை முற்றாக நிறுத்திவிட்டு அதே விளையாட்டைத் திறந்தாள். "அம்மா, இஞ்ச வாங்கோ. பயப்பிடாதேங்கோ. இந்தச் சுவரைப் பாருங்கோ. இதிலை இருக்கிற வெடிப்பைக்கூட ஆரோ இருந்து கீறியிருக்கினம்" என்றாள். அன்றுதான் துவக்கை விட்டுவிட்டு அந்தச் சுவரைப் பார்த்தேன்.

அதன் பிறகு அவள் சொல்லிச் சொல்லி, நானும் கேட்டுக் கேட்டு அறிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளின் கணனியையும் கைத்தொலைபேசியையும் தூரத்தில் நின்று திட்டிக்கொண்டிருக்கும் என் போன்ற தாய்மாருக்கு இது பிரயோசனப்படும் என்று நம்புகிறேன்.

தையற்காரிக்குத் தெரிந்த கலை

கணனித் திரை என்பது மிகச் சிறிய சதுரப் புள்ளிகளால் ஆனது. இவற்றைப் பிக்சல் என்பார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம். எல்லாம் சேர்ந்தால் படம். இதைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். ஏனென்றால் நான் தையல் படிப்பிப்பவள். குறுக்குத் தையலும் இதேதான். துணியிலே கட்டம், ஒரு கட்டத்துக்கு ஒரு தையல், தையலுக்கு ஒரு நிறம். கிட்ட நின்று பார்த்தால் வெறும் சிலுவைகள். தள்ளி நின்று பார்த்தால் ரோசாப்பூ.

இந்த ஒற்றுமை என் கற்பனை அல்ல. 1983 இல் அப்பிள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த சூசன் கெயார் என்ற பெண், மக்கின்ரோஷ் கணனிக்கான சின்னஞ்சிறு அடையாளப் படங்களை முதலில் கட்டம் போட்ட கொப்பியில்தான் கீறினார். அகலத்துக்கு 32, உயரத்துக்கு 32. மொத்தம் 1,024 கட்டங்கள். மொசைக், ஊசி வேலை போன்ற பழைய கைப்பணிகளும் இதுவும் ஒன்றுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1990 இல் வெளிவந்த விண்டோஸ் 3.0 இல் இருந்த சொலிற்றயர் சீட்டு விளையாட்டின் சீட்டுகளை வடிவமைத்தவரும் அவரே. கந்தோர்களில் எத்தனையோ பேர் வேலையை மறந்து விளையாடிய அந்தச் சீட்டுகள் ஒரு பெண்ணின் கைவேலை என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்நாளைய கணனிகள் காட்டக்கூடிய புள்ளிகள் மிகக் குறைவு. 1984 இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் ரெற்றிஸ் விளையாட்டை உருவாக்கியபோது அவரிடமிருந்த கணனி எழுத்துகளை மட்டுமே காட்டும். ஆகவே அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டிகளைச் செய்தார். 1981 இல் ஜப்பானின் நின்ரென்டோ நிறுவனத்துக்காக ஷிகேரு மியமோற்றோ ஓர் ஆளைக் கீற வேண்டியிருந்தது. தலைமயிரைக் காட்டப் புள்ளிகள் போதாது, தொப்பி போட்டுவிட்டார். வாயைக் காட்ட முடியாது, மீசை வைத்துவிட்டார். உலகமெல்லாம் பிள்ளைகள் அறிந்த மரியோ என்ற ஆளின் முகம் இப்படி இல்லாமையிலிருந்து வந்தது. நிவாரண மாவிலே ஏழெட்டுப் பேருக்குச் சாப்பாடு செய்த எங்களுக்கு இந்தக் கெட்டித்தனம் புதிதல்ல.

சொத்து என்ற சொல்

ஒரு விளையாட்டுக்காகக் கீறப்படும் ஒவ்வொரு பொருளையும், மரம், கதவு, பானை, சட்டை, முகம் எல்லாவற்றையும், 'அசெற்' என்கிறார்கள். சொத்து என்று பொருள். ஒரு பானையை ஒருமுறை கீறி வைத்தால் பத்து வீடுகளில் வைக்கலாம். நிலத்தையும் சுவரையும் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கீறி, சீலைக் கரையில் பூவேலை திரும்பத் திரும்ப வருவதுபோல அடுக்குவார்கள். ஒரு துண்டின் ஓரமும் மற்றத் துண்டின் ஓரமும் பொருந்தாவிட்டால் பிழை உடனே கண்ணில் படும். சட்டையில் கோடு பொருந்தாமல் தைத்ததுபோல.

இந்தச் சொத்துகள் அனைத்தும் ஒரே கைப்பாணியில் இருக்க வேண்டும். அதுதான் ஒரு விளையாட்டின் ஓவியப் பாணி. உண்மைபோலக் கீறலாம், நிழற்படம்போலக் கீறலாம், பழைய சுவரோவியம்போலவும் கீறலாம். இந்தியாவின் பூனே நகரில் உருவாகி 2020 இல் வெளிவந்த 'ராஜி' என்ற விளையாட்டு இமயமலைப் பக்கத்துப் பகாரி ஓவியங்களையும் ராஜஸ்தான் கட்டடங்களையும் பார்த்துச் செய்யப்பட்டது. கடத்தப்பட்ட தன் தம்பியைத் தேடிப் போகும் ஒரு பெண்ணின் கதை அது. தேடிக்கொண்டிருப்பவர்கள் எங்கள் நடுவிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள்.

ஒரே யுத்தம், வேறு கண்

மகன் விளையாடியதில் யுத்தம் பளபளவென்றிருந்தது. துவக்கின் இரும்பிலே வெயில் பட்டு மின்னும். ஓடுகிறவனின் கை மட்டும் தெரியும். அவனுக்குத் தாய் தகப்பன் உண்டா என்று தெரியாது. விழுந்தவன் மறைந்து போவான். அந்தப் படங்களைக் கீறியவர்கள் எதைக் காட்டுவது, எதை விடுவது என்று தீர்மானித்திருக்கிறார்கள்.

வேறு விதமாகத் தீர்மானித்தவர்களும் இருக்கிறார்கள். 2014 இல் போலந்தின் வார்சோ நகரிலுள்ள 11 பிற் ஸ்ரூடியோஸ் 'திஸ் வோர் ஒப் மைன்' என்ற விளையாட்டை வெளியிட்டது. 1992 முதல் 1996 வரை முற்றுகைக்குள் இருந்த சரஜேவோ நகரத்து மக்களின் அனுபவங்களை வைத்துச் செய்தது. இதிலே நீங்கள் படைவீரர் அல்ல. இடிந்த வீட்டிலே அடைபட்டிருக்கும் சாதாரண சனம். பகலிலே வெளியே போக முடியாது. இருப்பதைச் சமைத்து, உடைந்ததைத் திருத்தி, வருத்தக்காரரைப் பார்க்க வேண்டும். இரவிலே சாப்பாடும் மருந்தும் தேடிப் போக வேண்டும். படம் முழுவதும் கரித்துண்டால் கீறியதுபோலச் சாம்பல் நிறம். அதில் வரும் முகங்கள், அதைச் செய்தவர்கள் தங்களையும் நண்பர்களையும் உறவினரையும் படமெடுத்து வைத்தவை. ஆகவே அவை அழகான முகங்கள் அல்ல. பக்கத்து வீட்டு முகங்கள். 2020 இல் போலந்து அரசாங்கம் இதை மாணவர்களுக்கான விருப்ப வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது.

மகள் இதைக் காட்டியபோது பத்து நிமிடத்துக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. ஆனால் மகன் பார்த்தான். அன்றிரவு சாப்பிடும்போது, "அம்மா, நீங்கள் பங்கருக்குள்ளை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டான். பிறந்த நாளிலிருந்து அவன் என்னிடம் கேட்காத கேள்வி அது.

நீத்துப்பெட்டி

பெறுபேறு வந்ததும் இந்த ஓவியத்துறையைப் படிக்கப் போகிறேன் என்று மகள் நின்றாள். "படம் கீறிச் சோறு வருமோ?" என்று நான் கேட்டேன். இரண்டு கிழமை பேச்சுவார்த்தை இல்லை. பிறகு அவள் 'வெண்பா' என்ற விளையாட்டைக் காட்டினாள்.

கனடாவின் ரொறன்ரோ நகரில், அபி என்ற தமிழ் இளைஞர் தொடங்கிய விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 ஆம் திகதி இதை வெளியிட்டது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன ஒரு தாய்தான் கதாநாயகி. அவளுடைய அம்மா கொடுத்த சமையற் கொப்பி பழுதாகி, எழுத்துகள் அழிந்திருக்கின்றன. அழிந்ததை ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதுதான் விளையாட்டு. தமிழை விட்டு விலகிப்போகும் மகன் ஒருவனும் வருகிறான். பட்டையான தெளிந்த நிறங்கள். கதைப்புத்தகப் படம்போல எளிமையான கோடுகள். 2024 இல் பிரித்தானியாவின் பப்ரா விருது, முதற் படைப்புக்கான பிரிவில் இதற்குக் கிடைத்தது. இட்லிச் சட்டி ஒன்றைச் சரியாகக் கீறியவர்களுக்கு உலகம் பரிசு கொடுத்திருக்கிறது.

எனக்குக் கண்ணீர் வந்தது. என் அம்மாவின் சமையற் கொப்பியும் வீட்டுப் படங்களும் 1995 இல் அந்த வீட்டோடு போய்விட்டன. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "புட்டுக்குழல் இல்லைப் பிள்ளை, எங்கடை வீட்டிலை நீத்துப்பெட்டியிலைதான் அவிக்கிறது" என்றேன். "நீத்துப்பெட்டி எண்டால் எப்பிடி இருக்கும்?" என்றாள். பனையோலையிலே கூம்பு மாதிரிப் பின்னியது என்று சொல்லிப் பார்த்தேன். விளங்கவில்லை. பென்சிலை வாங்கி நானே கீறிக் காட்டினேன்.

அவளைப் படிக்க விட்டேன்.

கொட்டாஞ்சேனை வகுப்பு

இந்த வருடம் அவளுடைய இறுதிச் செயற்திட்டம், பத்து நிமிடத்தில் முடியும் ஒரு சிறு விளையாட்டு. போருக்கு முந்திய ஒரு யாழ்ப்பாண வீடு. விளையாடுபவர் தண்ணீர் அள்ள வேண்டும், மிளகாய்க்கன்றுக்கு ஊற்ற வேண்டும், புட்டு அவிக்க வேண்டும். அவள் கீறிய முதற் கிணற்றில் கப்பி இருந்தது. "எங்களுக்குத் துலா" என்றேன். துலாவின் நீளம், பின்பக்கத்தில் பாரம் கட்டுவது, கிடுகு வேலி, கதியால், முற்றத்துக்கு அப்பால் தனியாக நின்ற குசினி, தண்ணீர் குடிக்கும் மூக்குப்பேணி என்று நான் சொல்லச் சொல்ல அவள் கீறினாள். முப்பது வருடங்களாக நான் யாரிடமும் சொல்லாத வீடு அது.

கொழும்புக்கு வந்த புதிதில் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தோம். அந்தப் பழக்கத்தில், புனித லூசியாள் பேராலயத்துக்குக் கிட்ட இன்றைக்கும் சனிக்கிழமைகளில் தையல் படிப்பிக்கிறேன். படங்களை அங்கே கொண்டுபோனேன். வகுப்பே கலகலத்தது. முல்லைத்தீவுக்காரி வீட்டில் கருவாட்டுப் பரண் வேண்டும் என்றார். மன்னாரிலிருந்து வந்தவர் ஆட்டுக் கொட்டிலைக் கேட்டார். கட்டம் போட்ட கொப்பித் தாள்களில் அவர்களே நிறம் தீட்டினார்கள். ஊசி பிடித்த கைகளுக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை.

ஒரு மூலையில் பேசாமல் இருந்த ஒரு அக்கா கடைசியாக என் மகளைக் கூப்பிட்டார். அவருடைய கணவர் 2009 இல் காணாமற் போனவர். "பிள்ளை, அந்த வேலியோடை ஒரு சைக்கிளைச் சாத்தி விடுங்கோ. பின் கரியரிலை ஒரு சாக்கு" என்றார். மகள் ஒன்றும் கேட்கவில்லை. அப்படியே கீறினாள்.

சகோதரிகளே, இந்தத் தொழிலில் எல்லாருக்கும் உழைப்பு நிச்சயம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பழகுவதற்குப் பெரிய முதல் தேவையில்லை. கிறிற்றா, பிளென்டர் ஆகிய மென்பொருள்கள் இலவசம். 2025 இல் ஒஸ்கார் பெற்ற லற்வியா நாட்டு 'ஃப்ளோ' என்ற கார்ட்டூன் படம் பிளென்டரிலேயே செய்யப்பட்டது. விளையாட்டுகளை வாங்கும்போது ஐரோப்பியப் பெட்டிகளில் உள்ள 3, 7, 12, 16, 18 என்ற வயதெண்ணைப் பாருங்கள். வெடிச்சத்தம் உங்களைத் தாக்குமானால் அதைப் பிள்ளைகளிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். என் மகனுக்கு நான் ஏசினேனே தவிர, காரணத்தைச் சொன்னது பிந்தித்தான். சொன்ன நாளிலிருந்து அவன் வயரைப் பார்த்துக்கொள்கிறான்.

ஒருநாளைக்கு அவர்கள் பக்கத்தில் இருந்து, "இதை ஆர் கீறினது?" என்று கேட்டுப் பாருங்கள். பிறகு உங்கள் வீட்டில் என்னென்ன இருந்தன என்று சொல்லுங்கள். நாங்கள் சொல்லாவிட்டால் எங்கள் கிணற்றில் கப்பிதான் இருக்கும்.

போன கிழமை மகன் குசினி வாசலில் வந்து நின்றான். அக்காவின் விளையாட்டுக்குச் சத்தம் சேர்ப்பது அவன் பொறுப்பாம்.

"அம்மா, துலா பதியேக்கை என்ன சத்தம் கேக்கும்?"

நான் அடுப்பைக் குறைத்துவிட்டு யோசித்துப் பார்த்தேன். நன்றாக ஞாபகம் இருந்தது.