தரவுத்தளத்தில் என்னென்ன ஃபங்ஷன்கள் உண்டு? அதனிடமே கேட்கலாம்

ஆலயமோ சங்கமோ தனது உறுப்பினர் பட்டியலை எக்செலிலிருந்து தரவுத்தளத்துக்கு மாற்றும்போது, அந்த வேலை பெரும்பாலும் கணினி படிக்கும் பிள்ளை ஒருவரின் தலையில்தான் விழுகிறது. அடையாளக் கார்டு எண்ணிலேயே சிக்கல் தொடங்கிவிடும். சிலர் இடையில் கோடு போட்டிருப்பார்கள், சிலர் போட்டிருக்கமாட்டார்கள். கோடுகளை நீக்க அந்தப் பிள்ளை இருபது வரி நிரல் எழுதுவார். ‘ரீப்ளேஸ்’ என்ற ஃபங்ஷன் தரவுத்தளத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரே வரியில் வேலை முடிந்துவிடும்.

இப்படி உடன்வரும் ஃபங்ஷன்கள் எவை என்பதைத் தரவுத்தளத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்கும் முறைதான் ஒவ்வொன்றிலும் வேறு. (கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.)

போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துவோர் அதன் ‘பிஎஸ்கியூஎல்’ திரையில் பின்சாய்வுக் கோடு போட்டு ‘டிஎஃப்’ என்று கொடுக்க வேண்டும். வெறுமனே கொடுத்தால் பயனர் தாமே எழுதியவை மட்டும்தான் வரும். புதிய தரவுத்தளமாக இருந்தால் பட்டியல் காலியாக இருக்கும். ஒன்றுமே இல்லை என்று நினைத்துப் பலர் அதோடு விட்டுவிடுவார்கள். கூடவே பெரிய ‘எஸ்’ சேர்த்தால் ஆயிரத்துக்கும் மேல் வந்து கொட்டும். தேடும் சொல்லின் இரு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டுத் தேடுவதே சுலபம்.

மைஎஸ்கியூஎல்லில் ‘ஹெல்ப்’ என்று எழுதி, மேற்கோள் குறிக்குள் ‘ஸ்டிரிங் ஃபங்ஷன்ஸ்’ என்று கொடுத்தால் எழுத்து சம்பந்தப்பட்டவை அத்தனையும் வரும். எஸ்கியூலைட்டில் ‘பிராக்மா ஃபங்ஷன் லிஸ்ட்’. கடைசி இரு சொற்களுக்கு நடுவில் அடிக்கோடு வேண்டும். 2019-இல் வந்த 3.30 பதிப்பு முதல் இது வழக்கமாகவே கிடைக்கிறது. பெயரும் எத்தனை உள்ளீடு என்பதும் தெரியும், விளக்கம் இருக்காது.

பெயரைக் கண்டதும் நம்பிவிடவும் கூடாது. தமிழில் பெயர் பதிவோருக்கு இது முக்கியம். ‘சுப்பிரமணியம்’ என்ற பெயரில் நம் கண்ணுக்கு 8 எழுத்து. யூனிகோடு கணக்கில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் 13. ‘லெங்த்’ என்று கேட்டால் போஸ்ட்கிரெஸும் எஸ்கியூலைட்டும் 13 என்கின்றன. அதே பெயருள்ள ஃபங்ஷன் மைஎஸ்கியூஎல்லில் பைட்டுகளை எண்ணுகிறது. யூடிஎஃப்-8 முறையில் விடை 39. பெயர் 30-ஐத் தாண்டக்கூடாது என்று ‘லெங்த்’ வைத்து விதி போட்டால், சுப்பிரமணியம் உறுப்பினராகவே முடியாது. அங்கே பயன்படுத்த வேண்டியது ‘கேரக்டர் லெங்த்’. அதுவும் அதே ஹெல்ப் பட்டியலில்தான் இருக்கிறது.